புழக்கடைச் சமையற்கட்டுக்குப் பணம் திரட்டுவது எப்படி?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகில், 2021-ல் இருபது ஆண்டு வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிய சிறிய வீட்டில் நாங்கள் ஐந்து பேர் வசிக்கிறோம். உள்ளே இருக்கும் சமையலறை எட்டுக்கு ஒன்பது அடிதான். அன்றாடச் சமையலுக்கு அது போதும். ஆனால் தீபாவளிப் பலகாரம், பொங்கல், ஊர்த் திருவிழாவுக்கு வரும் உறவினர்களுக்கான சமையல் என்று வரும்போது, பெரிய பாத்திரத்தை இறக்கி வைக்கக்கூட உள்ளே இடம் இருப்பதில்லை. சென்ற தீபாவளிக்கு முந்தைய இரவு, வேப்ப மரத்தடியில் மூன்று கல் கூட்டி அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அறுபத்தெட்டு வயதாகும் என் மாமியார் தாம் நனைந்தபடி குடையைப் பாத்திரத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். புழக்கடையில் முறையான ஒரு சமையற்கட்டு எழுப்பிவிட வேண்டும் என்று நானும் என் கணவரும் முடிவெடுத்தது அந்த இரவில்தான்.

பதினான்குக்குப் பத்து அடியில், இடுப்பளவு சுவரும், நான்கு தூண்களும், இரும்புச் சட்டத்தின் மேல் ஓட்டுக் கூரையுமாகக் கட்டலாம் என்று எங்கள் மேஸ்திரி ஒரு மதிப்பீடு கொடுத்திருக்கிறார். அடித்தளமும் தரையும் 70,000 ரூபாய், தூணும் சுவரும் 80,000, கூரை 95,000, தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வழி, மின்கம்பி ஆகியவை 45,000, புகைபோக்கியுடன் கூடிய விறகடுப்பு 30,000, கிரானைட் மேடையும் தொட்டியும் 55,000, பலகை அலமாரிகள் 45,000. ஆக மொத்தம் 4,20,000 ரூபாய்.

கையில் 1,20,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. மீதி மூன்று இலட்சத்துக்கு ஐந்து வழிகள் எங்கள் முன்னால் உள்ளன. வீட்டுக்கடன் கொடுத்த வங்கியிலேயே கூடுதல் கடன் வாங்கலாம். அந்த வங்கி 9 விழுக்காட்டு வட்டி என்று சொல்கிறது. மாமியாரின் நகைகளை அடகு வைக்கலாம். கணவரின் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுக்கலாம். மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது மாதம் கட்ட வேண்டிய ஓர் இலட்ச ரூபாய்ச் சீட்டில் ஒன்பது மாதம் கட்டியிருக்கிறோம், அதை ஏலத்தில் தள்ளி, அதாவது ஒரு தொகையை விட்டுக்கொடுத்து, முன்கூட்டியே எடுக்கலாம். கடைசியாக, ஒரு நிதி நிறுவனம் ‘9 விழுக்காடு நிலையான வட்டி, இரண்டே நாளில் பணம்’ என்று தொலைபேசியில் சொல்லித் தனிநபர் கடன் தர முன்வந்திருக்கிறது. வீட்டுக்கடன் தவணை, சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் அளவுக்கு எங்களிடம் மிஞ்சுகிறது. இவற்றில் எது எங்களுக்கு ஏற்றது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய பேரேடு எழுதியது:

அம்மா, வணக்கம். நான் பொதுத்துறை வங்கியொன்றில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியில் தொகைகள் தெளிவாக இருப்பதால் நானும் கணக்காகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தொலைபேசிக் கடனை ஒதுக்கிவிடுங்கள். ‘9 விழுக்காடு நிலையான வட்டி’ என்பது, நீங்கள் அசலைத் திருப்பிச் செலுத்திக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய மூன்று இலட்சத்துக்கே கடைசி மாதம் வரை வட்டி போடும் முறை. ஐந்து ஆண்டுகளுக்கு வட்டி மட்டும் 1,35,000 ரூபாய் ஆகும். மாதத் தவணை 7,250 ரூபாய். குறைந்துவரும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால், வட்டி வீதம் ஏறக்குறைய 15.7 விழுக்காடு என்று வரும். உங்கள் வங்கி சொல்லும் 9 விழுக்காடோ குறையும் அசலுக்கானது. அதில் ஐந்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை 6,228 ரூபாய், மொத்த வட்டி சுமார் 73,650 ரூபாய். இரண்டு இடத்திலும் ஒன்பது என்ற ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள், ஆனால் உங்கள் கையிலிருந்து போகும் பணத்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் வேறுபாடு இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும், கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வட்டி வீதம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. எங்கே கடன் வாங்கினாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள அந்த ஒரு வீதத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

இனி, கூடுதல் வீட்டுக்கடன். உங்கள் தேவைக்கு அடிப்படையில் இதுவே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் வீட்டுக்கடனுக்கு இன்னும் பதினைந்து ஆண்டு பாக்கி இருப்பதால், கூடுதல் கடனையும் அதே பதினைந்து ஆண்டுக்கு நீட்டித்துக்கொள்ளலாம் என்றும், தவணை 3,043 ரூபாய்தான் வரும் என்றும் வங்கியில் சொல்லுவார்கள். கேட்க இதமாக இருக்கும். ஆனால் அப்படி வாங்கினால் மூன்று இலட்சத்துக்கு நீங்கள் கட்டும் வட்டி ஏறக்குறைய 2,47,700 ரூபாய். அடுப்படி ஒன்று கட்டிவிட்டு இன்னொரு அடுப்படிக்கான பணத்தை வட்டியாகக் கொடுப்பதை என் மனம் ஏற்கவில்லை. கூடுதல் கடனைத் தனிக் கணக்காக, மூன்று முதல் ஐந்து ஆண்டுக் கெடுவுடன் கேளுங்கள். மூன்று ஆண்டு என்றால் தவணை 9,540 ரூபாய். அது உங்கள் மிச்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஐந்து ஆண்டு தாங்கும். மாறும் வட்டியில் தனிநபருக்குத் தரப்படும் இத்தகைய கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்க முடியாது. ஆகையால் ஊக்கத்தொகையோ சீட்டுப் பணமோ வரும்போது அசலில் கட்டிவிடுங்கள்.

செலவுகளையும் விசாரியுங்கள். செயலாக்கக் கட்டணம், அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., சில வங்கிகளில் கூடுதல் தொகைக்காக உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரத்தை மறுபடியும் பதிவு செய்யும் செலவு ஆகியவை உண்டு. சிறிய கடனுக்கு இந்தச் செலவு விகிதத்தில் பெரிதாகத் தெரியும்.

வருமான வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வரி முறையில் இருப்பவர்கள், தாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு பெறலாம். அதுவும் வீட்டுக்கடன் வட்டிக்கான இரண்டு இலட்ச ரூபாய் வரம்புக்குள் அடங்கியது. குடிபோன பிறகு செய்யும் கூடுதல் வேலைக்கான அசலுக்கு வரிக் கழிவு கிடையாது. புதிய முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டுக்கு இவை எதுவுமே இல்லை. எனவே ‘வரி மிச்சமாகும்’ என்று யாராவது சொல்வதை வைத்துக் கடன் தொகையை உயர்த்திக்கொள்ள வேண்டாம்.

வருங்கால வைப்பு நிதியைத் தொடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். 2024-25-ஆம் ஆண்டுக்கு அதன் வட்டி 8.25 விழுக்காடு. இன்று எடுக்கும் மூன்று இலட்சம், இதே வட்டி நீடித்தால், இருபது ஆண்டில் பதினான்கரை இலட்சத்தைத் தாண்டியிருக்கும். 9 விழுக்காட்டுக் கடனைத் தவிர்ப்பதற்காக அதை இழப்பது, முதுமைக்கு வைத்த நெல்லை விதைப்புக்கும் அல்லாமல் விருந்துக்கும் அல்லாமல் களத்திலேயே விட்டுவிட்டு வருவதைப் போன்றது. எடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், பழைய வலைப்பக்கங்களில் உள்ள விதிகளை நம்பாதீர்கள். பதின்மூன்று வகையாக இருந்த, பகுதித் தொகை எடுப்பதற்கான விதிகளை மூன்றாகச் சுருக்கவும், 25 விழுக்காட்டை எப்போதும் இருப்பில் வைக்கவும் 2025 அக்டோபரில் அந்த நிதியின் அறங்காவலர் குழு முடிவெடுத்தது.

நகைக்கடனைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் அது உங்கள் மாமியாரின் நகை. அசலையும் வட்டியையும் ஒரே தவணையில் ஆண்டு முடிவில் கட்டும் நகைக்கடனில், மாதந்தோறும் எதுவும் கட்டத் தேவையில்லை என்பதால் மனம் தளர்ந்துவிடும். பன்னிரண்டாம் மாதம் முழுத் தொகையும் வந்து நிற்கும்போது, வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கும் பழக்கத்தில் ஐந்தாறு ஆண்டுகள் மீட்கப்படாமலேயே கிடந்த நகைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைப்படி, இரண்டரை இலட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரையும், அதற்கு மேல் ஐந்து இலட்சம் வரை 80 விழுக்காடு வரையும் கொடுக்கலாம். ஒரே தவணைக் கடனில் ஆண்டு முடிவு வரையான வட்டியையும் சேர்த்தே இந்த வரம்பைக் கணக்கிடுவார்கள்; கல்லின் எடைக்கு மதிப்பில்லை. முழுவதும் அடைத்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தராவிட்டால், தாமதத்துக்கு வங்கியே காரணம் என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இன்னொன்று: குறைந்த வட்டிக்காக ‘விவசாய நகைக்கடன்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம் என யாராவது யோசனை சொன்னால் அதற்கு உடன்படாதீர்கள். சமையற்கட்டுக்கு வாங்கும் பணத்தைச் சாகுபடிக்கு என்று எழுதிக் கையெழுத்திடுவது பொய்யான உறுதிமொழி.

கோட்டையடுப்பு எழுதியது:

சகோதரி, உங்கள் மாமியார் குடை பிடித்து நின்ற இடத்தைப் படித்ததும் என் அம்மாவின் நினைவு வந்தது. நாங்கள் காரைக்குடிப் பக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டி இதே போன்ற ஒன்றைக் கட்டினோம். நாங்கள் செய்த தவறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான். பணத்துக்காகச் சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்தோம். தள்ளு எவ்வளவு பெரியது என்பதை அன்றைய அவசரத்தில் நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை.

உங்கள் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது 25,000 ரூபாய் தள்ளி எடுத்தால் கைக்கு 75,000 வரும். கடைசி மாதம் வரை காத்திருந்தால், நிறுவனக் கமிஷனாகச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 7 விழுக்காட்டைக் கழித்தாலும் 93,000 வரும். பதினொரு மாதம் முந்தி எடுப்பதற்காக 75,000 ரூபாய்க்கு 18,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது 26 விழுக்காட்டு வட்டி. மற்ற மாதத் தவணைகளும் அவற்றில் கிடைக்கும் கழிவும் இரண்டு வகையிலும் ஒன்றுதான் என்பதால் இந்த ஒப்பீடு சரியாகவே வரும். வங்கியில் 9 விழுக்காட்டுக்குப் பணம் கிடைக்கும் ஒருவர் சீட்டைத் தள்ள வேண்டிய தேவையே இல்லை. அது கடைசி வரை ஓடட்டும். உங்கள் சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதுதானா என்பதையும் பாஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகை அலமாரிக்கு 45,000 ரூபாய் என்று பார்த்தேன். அதை அடியோடு விட்டுவிடுங்கள். திறந்த இடத்தில் சாரல் அடிக்கும், கரையான் ஏறும். நாங்கள் போட்ட பிளைவுட் கதவுகள் இரண்டாவது மழைக்காலத்தில் உப்பிக்கொண்டன. பிறகு கடப்பா கல்லில் தட்டுகள் பதித்தோம். அவை இன்று வரை அப்படியே இருக்கின்றன, செலவும் அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆயிற்று. கூரைக்கு ஓடு வாங்கும் முன் எங்கள் ஊர்ப் பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் மரமும் தூணும் ஓடும் காரைக்குடியில் கடை கடையாக விற்பனைக்கு இருக்கின்றன. பழைய மங்களூர் ஓட்டைத் தட்டிப் பார்த்து, கணீர் என்று ஒலிப்பதை மட்டும் பொறுக்கி எடுத்தோம். ஒன்றுகூட இதுவரை ஒழுகவில்லை.

மட்டப்பலகை எழுதியது:

நான் திருச்சியில் கட்டட வேலை பார்க்கும் பொறியாளன். கடனைப் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். அந்தக் கடனின் அளவைக் குறைப்பது எப்படி, வாங்கிய பணத்தை மேஸ்திரியிடம் எந்த ஒழுங்கில் கொடுப்பது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் மதிப்பீட்டில் பின்னால் தொட முடியாதவை சில, எப்போது வேண்டுமானாலும் சேர்க்கக் கூடியவை சில. அடித்தளம், தூண், கூரை, தரைக்குள் போகும் கழிவுநீர்க் குழாய், சுவருக்குள் போகும் மின்குழாய் என மதிப்பீட்டின் முதல் நான்கு இனங்களும் சேர்ந்து 2,90,000 ரூபாய். இவற்றில் எதையும் தள்ளிப்போடக் கூடாது, தரத்திலும் குறைக்கக் கூடாது. தளம் போட்ட பிறகு கழிவுநீருக்காக உடைத்தால் இரட்டைச் செலவு. இதனுடன் விறகடுப்பின் 30,000 ரூபாயைச் சேர்த்தால் 3,20,000. இந்த நிலையிலேயே உங்கள் மாமியார் மழையில் நனையாமல் பாகு காய்ச்சலாம். மேடையும் தட்டுகளும் அடுத்த ஆண்டு வரட்டும். கிரானைட்டுக்குப் பதில் மேடைக்கும் கடப்பா கல்லே போதும். தொட்டியையும் சேர்த்து 32,000 ரூபாய்க்குள் முடியும். தட்டுகளுக்கு 15,000 ரூபாய் வையுங்கள். 4,20,000 ரூபாய் வேலை 3,67,000 ரூபாயாகிறது. அதிலும் இப்போதைய தேவை 3,20,000 ரூபாய்தான்.

மதிப்பீடு எப்போது எழுதப்பட்டது என்று கேளுங்கள். சிமெண்டின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. பழைய விலையில் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லலாம். அதைவிட முக்கியமானது, ‘தூணும் சுவரும் 80,000’ என்று மொத்தமாக எழுதிய தாளை ஏற்காமல், எத்தனை கன அடி கான்கிரீட், எத்தனை கிலோ கம்பி, எத்தனை சதுர அடிப் பூச்சு என்று அளவோடு எழுதி வாங்குவது. வங்கியும் பொறியாளர் கையெழுத்திட்ட அத்தகைய மதிப்பீட்டைத்தான் கேட்கும்.

பணம் கொடுக்கும் ஒழுங்கு இது. முன்பணம் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். அடித்தளம் முடிந்ததும் ஒரு பங்கு, தூணும் சுவரும் எழும்பியதும் ஒரு பங்கு, கூரை ஏறியதும் ஒரு பங்கு என்று, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வங்கி வழியாகச் செலுத்தி, ஒரு நோட்டில் தேதியிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். கடைசி ஐந்து விழுக்காட்டை ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று முழுவதும் பெய்து ஓயும் வரை நிறுத்தி வைப்பதாக முதல் நாளே பேசிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையைத் தாண்டாத கூரையை நான் முடிந்த வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல மேஸ்திரி இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். சிமெண்டு, கம்பி, ஓடு ஆகியவற்றை நீங்களே வாங்கிக் கொடுத்துக் கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் பேசினால் செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் தினமும் நின்று பார்க்க ஆள் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள், இல்லையென்றால் வீணாகும் மணலிலும் ஜல்லியிலும் அந்த மிச்சம் போய்விடும்.

வேலையைத் தொடங்கும் முன் இன்னொன்றைக் கவனியுங்கள். 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையே திறந்த இடம் விடச் சொல்கின்றன. பின்புற இடைவெளிக்குள் நிலையான கூரை எழுப்புவதாக இருந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்ட பிறகே கடனுக்கு விண்ணப்பியுங்கள். அங்கீகரித்த வரைபடத்தில் இல்லாத கட்டடத்துக்கு வங்கி கடன் தராது. கொடுத்தாலும் நாளை வீட்டை விற்கும்போது அதன் மதிப்பு வராது.

எரிவாயு அடுப்பும் வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். பணத்தை மிச்சப்படுத்த எதை வேண்டுமானாலும் குறையுங்கள், ஆனால் சிலிண்டரை மேடைக்கடியில் நான்கு பக்கமும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். தரை மட்டத்தில் காற்று வெளியேறத் திறப்பு இருக்க வேண்டும்.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சீட்டுக் கணக்கை நானும் கணவரும் நேற்றிரவு மூன்று முறை போட்டுப் பார்த்தோம். அதைத் தள்ளி எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். பின்புறம் எல்லைச் சுவரிலிருந்து எங்கள் திட்டம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து, வரைபடத்துடன் பேரூராட்சி அலுவலகத்துக்கு நாளை போகிறோம்.

ஒரு விவரத்தை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மாமியாரிடம் தெருவில் உள்ளவர்கள் அதிரசமும் முறுக்கும் சொல்லி வைத்து வாங்குகிறார்கள். புதிய இடம் வந்தால் அதைச் சற்று விரிவாகச் செய்யலாம் என்று அவருக்கு ஆசை. அப்படியானால் இதைத் தொழில் கடனாகக் கேட்டு, சலுகை எதுவும் பெற முடியுமா?

தானியக்குதிர் எழுதியது:

வணக்கம் அம்மா. எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து பலகாரத் தொழில் செய்கிறோம் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கட்டடத்தையும் தொழிலையும் ஒரே கடனில் கலக்காதீர்கள். வீட்டுக்கு என்று வாங்கிய பணம் வீட்டில் போகட்டும். தொழிலுக்கு வேண்டியவை மாவு அரைக்கும் இயந்திரம், பெரிய அடுப்பு, எடைக்கல், உறையிடும் கருவி, முதல் கொள்முதலுக்கான அரிசியும் வெல்லமும் ஆகியவைதான். அவற்றுக்கு முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’ வகையில் பிணை இல்லாமல் கேட்கலாம்; அதற்கு மேல் ஐந்து இலட்சம் வரை ‘கிசோர்’ வகை. மாமியார் ஏதாவது சுய உதவிக் குழுவில் இருந்தால் குழுக் கடனும் கிடைக்கும். ஆனால் கேட்பதற்கு முன் ஆறு மாதம் விற்பனையை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம், எவ்வளவு விற்கிறோம் என்று காட்ட எங்களிடம் ஒரு தாள்கூட இல்லாததுதான்.

விற்பனை சிறிதானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 12 இலட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அதன் கட்டணம் ஆண்டுக்கு நூறு ரூபாய்தான், இணையவழியே விண்ணப்பிக்கலாம். கழுவக்கூடிய தரை, மூடிய கழிவுநீர் வழி, நல்ல தண்ணீர் ஆகியவற்றை நீங்கள் இப்போதே கட்டடத்தில் சேர்த்துவிட்டால் பின்னால் ஆய்வுக்கு வந்தாலும் கவலை இல்லை. வீட்டு இணைப்பு மின்சாரத்தில் தொழில் இயந்திரங்களை ஓட்டத் தொடங்கும் முன் மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பேரேடு எழுதியது:

மேலே சகோதரி சொன்னதுடன் முழுமையாக உடன்படுகிறேன். விற்பனை உறுதியாகும் முன்னரே அந்த வருமானத்தை நம்பி வீட்டுக் கடனின் தொகையை உயர்த்த வேண்டாம். அதிரச வருமானம் வரத் தொடங்கினால் அது கடனை முந்தி அடைக்கப் பயன்படட்டும். அது வராத மாதத்திலும் தவணை தடையின்றிப் போக வேண்டும்.

இன்னொன்று, 1,20,000 ரூபாய்ச் சேமிப்பு முழுவதையும் கட்டடத்தில் போடாதீர்கள். வீட்டில் 68 வயதுப் பெரியவரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 40,000 ரூபாயாவது கைப்பணமாக நிற்கட்டும். அது இல்லாத வீடுகளில்தான் முதல் மருத்துவச் செலவுக்கே நகை அடகுக்குப் போகிறது.

காவிரிக்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லைச் சுவரிலிருந்து விட வேண்டிய இடத்துக்காகப் பத்தடி அகலத்தை எட்டரை அடியாகக் குறைக்க வேண்டியிருந்தது. வரைபடம் சமர்ப்பித்துவிட்டோம். அகலம் குறைந்ததால் மேஸ்திரியின் தொகையும் சற்றுக் குறையும் என்றாலும், விலை ஏறினால் ஈடுகட்ட 3,20,000 என்ற கணக்கையே வைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் எங்கள் சேமிப்பிலிருந்து 80,000 ரூபாய். வங்கியில் 2,40,000 ரூபாய் கூடுதல் கடன், நான்கு ஆண்டுக் கெடு, மாதத் தவணை 5,972 ரூபாய். மேலாளர் முதலில் பதினைந்து ஆண்டுதான் எழுதினார். வட்டி மொத்தம் எவ்வளவு என்று அச்சிட்டுத் தரும்படி கேட்டதும், அவரே நான்கு ஆண்டாக மாற்றித் தனிக் கணக்காகப் போட்டுக் கொடுத்தார். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து வட்டி 46,700 ரூபாய்க்குள் அடங்குகிறது. இன்னும் பதினொரு மாதத்தில் சீட்டு முடிந்ததும் அதில் 47,000 ரூபாய் மேடைக்கும் தட்டுகளுக்கும், மீதி கடன் அசலுக்கும் போகும்.

நகையைத் தரட்டுமா என்று மாமியார் இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அடுப்பை எந்தத் திசையில் வைப்பது என்பதை மட்டும் அவரிடமே விட்டிருக்கிறோம். தென்கிழக்கு மூலையில் என்று அவர் சொல்கிறார். மட்டப்பலகை ஐயா, ஆடி மாத மேல்காற்றுக்கு அந்த மூலை சரிவருமா?

மட்டப்பலகை எழுதியது:

சரிவரும். மேல்காற்று அடிக்கும்போது கிழக்குப் பக்கம் புகை வெளியேறும், வீட்டுக்குள் வராது. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போதுதான் புகை திரும்பும். அதற்காகப் புகைபோக்கியைக் கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயர்த்தச் சொல்லுங்கள். மேஸ்திரி தனியாகத் தொகை கேட்பார். அதைத் தயங்காமல் கொடுங்கள்.